நெடும்பயணத்தின் நடுவே மலிவாக ஒரு கோல்ஃப்: எந்த மைதானம், எந்த நேரம்?

காரில் நாலைந்து நாள் பயணம். டிக்கியில் பெட்டிகளோடு கோல்ஃப் பையும் இருக்கிறது. வழியில் எங்கே ஆடலாம் என்று தேட ஆரம்பித்தால் ஊருக்கு ஒரு பொது மைதானம் கண்ணில் படும். கட்டணமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒரு மைதானம் அன்றைய நாளையே விழுங்கிவிடும்; இன்னொன்றில் ஆடிவிட்டு வந்தால் மறுநாள் ஓட்டுவதற்கே தெம்பு வரும். இந்த வித்தியாசம் பெரும்பாலும் மணிக்கணக்கில்தான் இருக்கிறது. அதனால் கட்டணப் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது.

பொது மைதானத்தில் 18 குழி (முதல் அடியிலிருந்து பந்து துளையில் விழும்வரையிலான தூரம் முழுவதும் ஒரு குழி) ஆட நாலு, நாலரை மணி நேரம் பிடிக்கும். வார இறுதியென்றால் ஐந்து மணி நேரம்கூட ஆகும். அரை மணி முன்னதாகப் போய்ப் பணம் கட்டி, ஷூ மாற்றி, நாலு பந்து தட்டிப் பார்த்து, முடிந்ததும் கைகால் கழுவிக் கிளம்பும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்தரை மணிக்குக் குறையாது. அன்றைக்கே 400 கி.மீ. ஓட்ட வேண்டும் என்றால் அதற்கும் அதே அளவு நேரம் வேண்டும். இரண்டையும் ஒரே பகலில் அடைத்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள்தான் கடைசி நாலு குழிகளைக் கடிகாரத்தைப் பார்த்தபடி ஆடுகிறார்கள்.

பொது மைதானம் என்றால் உறுப்பினர் அட்டை இல்லாமல் யார் வேண்டுமானாலும் காசு கட்டி ஆடக்கூடிய இடம். நகராட்சியோ மாநில அரசோ நடத்துவதும் உண்டு, தனியார் நடத்துவதும் உண்டு. அமெரிக்காவின் முதல் பொது மைதானம் 1895-இல் நியூயார்க்கின் வான் கோர்ட்லண்ட் பூங்காவில் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே ஆடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானமும் (ஓல்டு கோர்ஸ்) பொதுச் சொத்துதான். ஆகவே பொது என்றாலே மட்டமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மலிவாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம்.

மலிவு விஷயத்தில் பயணிகள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நகராட்சி மைதானங்கள் பலவற்றில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு கட்டணம், வெளியூர்க்காரர்களுக்கு வேறொரு கட்டணம். உள்ளூர் வரிப்பணத்தில் நடக்கும் இடம் என்பதால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அமெரிக்காவின் சான் டியேகோ நகராட்சியின் டோரி பைன்ஸ் போன்ற இடத்தில் இந்த வித்தியாசம் மடங்குக் கணக்கில் போகும். யாராவது உங்களிடம் இன்ன மைதானம் ரொம்பச் சல்லிசு என்று சொன்னால், சொல்பவர் எந்த ஊர்க்காரர் என்று முதலில் கேளுங்கள்.

சரி, தேர்வுகளுக்கு வருவோம். நெடுஞ்சாலைப் பயணியின் முன்னால் உருப்படியாக நாலு வகை இருக்கின்றன: நகரத்து நகராட்சி மைதானம், சிற்றூரின் ஒன்பது குழி மைதானம், முழுக்க மூன்றடிக் குழிகளால் (மூன்று தட்டலில் முடிக்க வேண்டிய குட்டைக் குழிகளால்) ஆன குட்டி மைதானம், அப்புறம் பேர்பெற்ற பொது மைதானம்.

நகராட்சி மைதானத்தில் வசதிக்குக் குறைவில்லை. வாடகை மட்டை கிடைக்கும், இணையத்தில் நேரம் பதியலாம், கடை திறந்திருக்கும். தனியாகப் போனாலும் மூன்று பேர் குழுவில் நாலாவது ஆளாகச் சேர்த்துவிடுவார்கள். அந்த மைதானத்திலேயே பல வருடம் ஆடிவரும் யாராவது ஒருவர் கூட வந்தால் அதிர்ஷ்டம்தான். எந்த மரத்தைக் குறிவைக்க வேண்டும், எந்தக் கிரீன் (துளையைச் சுற்றிப் பந்தை உருட்டும் இடம்) ஏரிப்பக்கம் சாயும் என்பதெல்லாம் இலவசமாகக் கிடைக்கும்.

சிக்கல் கூட்டத்தில் இருக்கிறது. எட்டு நிமிடத்துக்கு ஒரு குழுவாக அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். முதல் இரண்டு குழிகள் தடையில்லாமல் போகும். முதல் மூன்றடிக் குழியில்தான் தேக்கம் ஆரம்பிக்கும். நீளமான குழியில் முன்னால் போகும் குழு இரண்டாவது அடியை அடித்து நகர்ந்துவிட்டாலே பின்னால் இருப்பவர்கள் முதல் அடியை அடிக்கலாம். ஒரே குழியில் இரண்டு குழுக்கள் இருக்க இடமுண்டு. மூன்றடிக் குழியிலோ முன்னால் இருப்பவர்கள் கிரீனில் பந்தை உருட்டி முடித்து, கொடியை நட்டு, அந்தப் பக்கம் இறங்கும்வரை ஒருவரும் மட்டையைத் தூக்க முடியாது. அந்த டீயில் (முதல் அடி அடிக்கும் இடத்தில்) போய்ப் பாருங்கள்: ஒரு குழு அடிக்கத் தயாராக நிற்கும், அடுத்தது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், மூன்றாவது அப்போதுதான் பையை இழுத்துக்கொண்டு வந்து சேரும். அங்கே இழந்த இருபது நிமிடத்தை அதற்கப்புறம் எவ்வளவு வேகமாக நடந்தாலும் மீட்க முடியாது. ஊரிலேயே இருப்பவருக்கு இது பொழுதுபோக்கின் ஒரு பகுதி. இன்னும் 200 கி.மீ. போக வேண்டியவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

சிற்றூர் ஒன்பது குழி மைதானம் இதற்கு நேர்மாறு. வாரநாளில் போனால் உங்களைத் தவிர ஆளே இருக்காது. இரண்டு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். கட்டணமும் கையைக் கடிக்காது. ஸ்காட்லாந்தின் கிராமப்புறங்களில் இன்றும் பல இடங்களில் வசூலிக்க ஆள் கிடையாது. கட்டணத்தை உறையில் போட்டு, பெயர் எழுதி, சுவரில் இருக்கும் பெட்டிக்குள் தள்ளிவிட்டு ஆடப் போகலாம். அந்த நாட்டின் வடமேற்கு முனையில் டர்னெஸ் என்ற இடத்தில் ஒன்பது குழிகளுக்குப் பதினெட்டு டீ வைத்திருக்கிறார்கள். முதல் சுற்றில் ஒரு டீ, இரண்டாவது சுற்றில் வேறு டீ. ஒன்பதோடு நிறுத்தலாமா, இன்னொரு சுற்று போகலாமா என்பதை ஆடியபின் முடிவு செய்துகொள்ளலாம். பயணிக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேறில்லை.

ஒன்பது குழி ஆட்டம் அரைகுறை ஆட்டம், கணக்கில் வராது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அது பழைய கதை. ஆட்டக்காரரின் திறனை எண்ணால் குறிக்க 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஒன்பது குழி மதிப்பெண்ணும் செல்லும். 2024-இலிருந்து அதற்காக இன்னொரு ஒன்பது வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்; மீதி ஒன்பதில் நீங்கள் எவ்வளவு அடித்திருப்பீர்கள் என்று முறையே கணித்துச் சேர்த்துக்கொள்கிறது.

குறைகளும் இருக்கின்றன. வாடகை மட்டை இருக்காது. கடை பூட்டியிருக்கலாம். புல் ஒரே உயரத்தில் இருக்காது, கிரீனில் பந்து மெதுவாக ஓடும். வறண்ட பகுதிகளில் கிரீனே புல்லாக இருக்காது. எண்ணெய் கலந்த மணலைப் பரப்பிச் சமன்படுத்தி வைத்திருப்பார்கள். அங்கே பந்து விழுந்ததும் ஓரத்தில் கிடக்கும் இழுப்பானை எடுத்து, பந்திலிருந்து குழிவரை ஒரு பாதை போல மணலை இழுத்துவிட்டு, அந்தப் பாதையில்தான் பந்தை உருட்ட வேண்டும். சரிவு என்று ஒன்றும் பெரிதாக இருக்காது. எவ்வளவு வேகம் என்பது மட்டும்தான் கேள்வி. பளபளப்பான கிரீன்களுக்குப் பழகியவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கென்னவோ பிடிக்கும். பயணத்தில் ஆடும் ஆட்டம் ஊரில் ஆடுவதுபோலவே இருக்க வேண்டும் என்றால் அதற்கு ஊரிலேயே இருந்திருக்கலாமே.

சாலையும் கோல்ஃபும் ஒன்றாகவே ஆகிவிட்ட இடமும் உலகத்தில் உண்டு. ஆஸ்திரேலியாவில் கால்கூர்லிக்கும் செடூனாவுக்கும் நடுவே 1,365 கி.மீ. தூரத்துக்குப் பதினெட்டுக் குழிகளைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். பெயர் நல்லார்பார் லிங்ஸ். வழியில் வரும் ஊருக்கோ, நெடுஞ்சாலை ஓய்விடத்துக்கோ ஒரு குழி. ஒரு குழி ஆடிவிட்டுக் காரில் ஏறி, சில இடங்களில் நூறு கி.மீ.க்கு மேல் ஓட்டி, அடுத்த குழிக்குப் போக வேண்டும். ஆள் அரவமில்லாத நேர்ச்சாலையில் ஓட்டுநர் அவ்வப்போது இறங்கிக் காலை நீட்ட இது ஒரு சாக்கு.

மூன்றாவது வகை குட்டி மைதானம். எல்லாக் குழியும் மூன்றடிக் குழி, 100 மீட்டர் சுமார். காரில் உங்களோடு வருபவர் ஆடத் தெரியாதவராக இருந்தாலோ, பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தாலோ வேறு யோசனையே வேண்டாம், இதுதான். நாலு மட்டை போதும், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், பந்து தொலைவதும் குறைவு. முழு மைதானத்தில் ஆடத் தெரியாத ஒருவரை நாலரை மணி நேரம் கூடவே நடக்க வைத்தால் மீதிப் பயணம் முழுக்க அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பேர்பெற்ற பொது மைதானங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வரைபடத்தில் பார்த்ததும் ஆசை வருவது அங்கேதான். டோரி பைன்ஸில் 2008-இல் டைகர் வுட்ஸ் யு.எஸ். ஓப்பன் வென்றார், அதே மைதானத்தில் காசு கட்டினால் நீங்களும் ஆடலாம். நியூயார்க் மாநிலப் பூங்கா ஒன்றில் இருக்கும் பெத்பேஜ் பிளாக் மைதானத்தில் 2002-இல் யு.எஸ். ஓப்பன் நடந்தது, 2025-இல் ரைடர் கோப்பையும் நடந்தது. தனியார் கிளப் என்றால் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. இங்கே முடிகிறது என்பதே பெரிய விஷயம். ஆனால் பெத்பேஜ் பிளாக்கில் பேட்டரி வண்டி கிடையாது, நடந்துதான் ஆட வேண்டும். கைதேர்ந்தவர்கள் மட்டும் ஆடுவது நல்லது என்று முதல் டீயிலேயே எச்சரிக்கைப் பலகை தொங்குகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸில் பழைய மைதானத்துக்குக் குலுக்கல் முறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டமே கிடையாது, ஊர்மக்கள் அதன்மேல் நடைபோவார்கள். இப்படிப்பட்ட இடங்களைப் போகிற போக்கில் ஆட நினைக்க வேண்டாம். அதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கி, பயணத்தையே அதைச் சுற்றி அமைத்தால் சரி. இல்லாவிட்டால் பார்க்கிங்கில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்வது மேல்.

எந்த மைதானம் என்பதைப் போலவே எந்த நேரம் என்பதும் முக்கியம். சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே முக்கியம். காலை முதல் ஆட்டம் என்றால் முன்னால் ஆளே இல்லை, மூன்றரை மணி நேரத்தில் பதினெட்டும் முடிந்துவிடும். ஆனால் அந்த நேரங்களை உள்ளூர் ஆட்கள் வாரம் முன்பே பிடித்துவைத்திருப்பார்கள், கட்டணமும் உச்சத்தில் இருக்கும். குளிர்ப்பிரதேசங்களில் இன்னொரு தொல்லை உண்டு. உறைபனி படிந்த புல்லை மிதித்தால் இலை உடைந்து கருகிவிடும் என்பதால் பனி உருகும்வரை யாரையும் உள்ளே விடமாட்டார்கள். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, கார் பார்க்கிங்கில் காத்திருக்க வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, எட்டு ஒன்பது கி.மீ. நடந்து ஆடிய உடம்போடு மத்தியானத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தால் கண் சொருகும். அது விளையாட்டுக் காரியமில்லை.

சாயங்கால ஆட்டத்துக்குப் பல மைதானங்களில் கட்டணம் நன்றாகக் குறையும். அதற்குக் காரணம், இருட்டுவதற்குள் பதினெட்டும் முடியும் என்று யாரும் உறுதி தருவதில்லை. உள்ளூர் ஆட்டக்காரர் இதைக் குறையாகப் பார்ப்பார். பயணிக்கு அது குறையே இல்லை. பன்னிரண்டு குழி ஆடினால் பன்னிரண்டு. அன்றைய ஓட்டம் முடிந்துவிட்டது, அறை பக்கத்தில் இருக்கிறது, நாள் முழுக்க மடங்கிக் கிடந்த முதுகும் காலும் நிமிர்கின்றன. வெளிச்சம் சாய்ந்த பிறகு ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிய புல்வெளியின்) மேடுபள்ளமெல்லாம் நிழலில் எழுந்து தெரியும். உச்சிவெயிலில் தட்டையாகத் தெரிந்த கிரீனின் சரிவு அப்போது வெறும் கண்ணுக்கே புலப்படும். எதிர்வெயிலில் பந்து எங்கே போனது என்று தெரியாமல் தவிப்பதும் அதே நேரத்தில்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். தொலைந்த பந்தைத் தேட 2019-இலிருந்து மூன்று நிமிடம்தான் அனுமதி, முன்பு ஐந்தாக இருந்தது. பழகாத மைதானத்தில், மங்கிய வெளிச்சத்தில், அந்த மூன்று நிமிடத்தையும் முழுசாகச் செலவழிக்காமல் இன்னொரு பந்தை எடுப்பது புத்திசாலித்தனம்.

சாயங்காலம் எவ்வளவு நீளம் என்பது இடத்தைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஆண்டு முழுக்கப் பெரும்பாலும் ஆறு, ஆறரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், இறங்கிய சூட்டில் இருட்டும். அங்கே நாலு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது குழிதான். வடக்கே ஸ்காட்லாந்துபோல உயரமான அட்சரேகையில் ஜூன் மாதம் இரவு பத்து மணிக்கும் பந்து தெரியும். ஆறு மணிக்குத் தொடங்கினாலும் பதினெட்டை முடிக்கலாம். இன்னொன்று, கிழக்கு நோக்கி ஓட்டும்போது நேர மண்டலம் மாறினால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் குதிக்கும். நாலரை மணிக்குப் பதிந்த ஆட்டம், நீங்கள் போய்ச் சேரும்போது பாதி முடிந்திருக்கும்.

ஆக, என் தேர்வு இது: மைதானத்தைப் பாதையில் தேடாமல், இரவு தங்கும் ஊரில் தேடுவேன். அங்கே ஒன்பது குழி மைதானம் இருந்தால் அது. இல்லாவிட்டால் நகராட்சி மைதானத்தில் சாயங்காலக் கட்டணத்தில் எத்தனை குழி முடிகிறதோ அத்தனை. வெள்ளி, சனியைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பேன். ஓட்டம் இல்லாத ஓய்வுநாள் ஒன்று நடுவில் வந்தால் மட்டும் காலையில் பதினெட்டு. ஒரு விதிவிலக்கு உண்டு. ஓட்டுநர்கள் இரண்டு பேராக இருந்து, ஒருவர் ஆடாதவராக இருந்தால், காலையில் ஆடிவிட்டுப் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டே போகலாம். அந்த வாய்ப்பு எனக்கு அமைவதில்லை.

நடப்பதா, பேட்டரி வண்டியா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதை இங்கே அடிக்கடி நடக்கும். மலிவு மைதானத்தில் வண்டி வாடகையும் மட்டை வாடகையும் சேர்ந்தால் ஆட்டக் கட்டணத்தைத் தாண்டிவிடும். நாள் முழுக்க உட்கார்ந்தே வந்தவர் நடப்பதே மேல். இரண்டு சக்கரத் தள்ளுவண்டி ஒன்றை எடுத்துக்கொண்டால் தோளுக்கும் வலியில்லை. மழை பெய்த மறுநாள் பேட்டரி வண்டிகளைத் தார்ப்பாதையை விட்டு இறங்க விடமாட்டார்கள். வண்டியிலிருந்து பந்துக்கும் பந்திலிருந்து வண்டிக்கும் குறுக்கே நடந்தே ஓய்ந்துபோவீர்கள். வண்டி கட்டாயமாகத் தேவைப்படுவது, வீட்டுமனைகளுக்கு நடுவே வளைத்து வளைத்துக் கட்டிய மைதானங்களில். ஒரு கிரீனுக்கும் அடுத்த டீக்கும் நடுவே அரை கி.மீ. இருக்கும்.

பதிவு செய்வதில் ஒரு விஷயம். இணையத்தில் படுமலிவாகக் கண்ணில் படும் நேரங்கள் பெரும்பாலும் முன்பணம் கட்ட வேண்டியவை, திரும்பக் கிடைக்காதவை. சாலையில் ஒரு டயர் பஞ்சர், ஒரு விபத்து நெரிசல் போதும், அந்தப் பணம் போய்விடும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் போய்ச் சேர்ந்து கட்டுகிற இடமே பயணிக்கு உண்மையில் மலிவு. மத்தியானம் காரை நிறுத்தும்போது மைதானத்துக்கே ஒரு போன் போட்டுவிடுங்கள். சாயங்காலம் கூட்டம் எப்படி, ஏதாவது போட்டி நடக்கிறதா, சொல்லும் கட்டணத்தில் பேட்டரி வண்டி சேர்ந்ததா சேராததா, மழை வந்தால் இன்னொரு நாள் ஆட மறு சீட்டு தருவீர்களா என்று கேளுங்கள். இவற்றோடு மறக்காமல் கேட்க வேண்டியது: கிரீனில் சமீபத்தில் துளை போட்டீர்களா? மண்ணுக்குக் காற்றும் நீரும் இறங்குவதற்காக ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை கிரீன் முழுக்க விரல் பருமனில் துளையிட்டு மணலை நிரப்புவார்கள். புல்லுக்கு அது மருந்து. ஆனால் அடுத்த பத்துப் பதினைந்து நாள் பந்து உருளாது, தத்தித் தத்திப் போகும். ஒரு மீட்டரில் இருந்து உருட்டினாலும் குழியின் விளிம்பில் வந்து விலகும். நல்ல மைதானங்கள் இதைத் தாமாகச் சொல்லிக் கட்டணத்தையும் குறைக்கும். கேட்டால்தான் சொல்கிற இடங்களும் இருக்கின்றன.

கடைசியாக மட்டைகள். விதிப்படி பதினாலுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் 1938-இலிருந்து இந்த வரம்பு இருக்கிறது. குறைந்தபட்சம் இத்தனை வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. நீளத்துக்கு ஒரு ஹைபிரிட், 6, 8, 9 எண் இரும்பு மட்டைகள், கிட்டத்தில் தூக்கி அடிக்க இரண்டு வெட்ஜ், உருட்ட ஒரு பட்டர் என்று ஏழு போதும். சிறு பையில் அடங்கும், பெட்டிகளுக்கும் இடம் கிடைக்கும், நடக்கவும் சுலபம். எந்த மைதானத்துக்குப் போனாலும் நீளம் குறைந்த முன் டீயிலிருந்து ஆடினால் டிரைவர் என்ற நீள மட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தது உறுத்தாது. இரண்டு ஆட்டத்துக்கு மேல் ஆடுவதாக இருந்தால் வாடகையைவிட இதுவே லாபம். ஒரே ஒரு ஆட்டம்தான் என்றால், அதுவும் நகராட்சி மைதானம் என்றால், வாடகை மட்டையோடு முடித்துக்கொள்ளலாம். ஷூவும் கையுறையும் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். சொந்த மட்டைகளைக் கொண்டுபோனால் வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் நாட்கணக்கில் போட்டுவைக்க வேண்டாம். தலையையும் தண்டையும் ஒட்டியிருக்கும் பசை அந்தச் சூட்டில் இளகக்கூடும், கைப்பிடி ரப்பரும் கெட்டுப்போகும். இரவில் பையை அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். திருடனுக்கும் டிக்கி தெரியும்.